பழகிய வசதியும் உண்மைத் தேவையும்

ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கு பொதுவாக அந்த இல்லத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் மனமொத்து வாழும் காலத்தில் அதை எவரும் கேட்பதில்லை. பல இல்லங்களில் அவர்களே கூட அதை முழுமையாகப் பார்ப்பதில்லை. அவர்கள் பிரிந்து நீதிமன்றத்தை நாடும்போது நிலைமை மாறுகிறது. உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் சத்தியப் பிரமாணத்துடன் எழுதித் தரும்படி சட்டம் கேட்கிறது. பெருஞ்செல்வர்களின் வாழ்க்கை முறை உலகின் கண்ணுக்கு முழுமையாகத் தெரியவரும் மிகச் சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

இத்தகைய கணக்குகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது 'தேவை' என்னும் சொல். இங்கிலாந்தில் விவாகரத்து வழக்கின்போது இரு தரப்பாரும் நிரப்ப வேண்டிய நிதி விவரப் படிவத்தில் வருமானத் தேவை, மூலதனத் தேவை என்றே தலைப்புகள் உள்ளன. அந்தத் தலைப்புகளின் கீழ் என்ன எழுதப்படுகிறது என்று கவனிப்பவனுக்கு, மனம் ஒரு வசதியை எப்போது, எவ்வாறு தேவையாக மாற்றிக்கொள்கிறது என்பது விளங்கும். ஆன்மிக சாதகன் தன் மனத்தின் இயல்பை அறிய இது ஒரு நல்ல பாடம்.

அருந்தாத மதுவும் ஏறாத குதிரையும்

புகழ்பெற்ற இசைக் கலைஞர் பால் மெக்கார்ட்னியும் ஹெதர் மில்ஸும் 2002-ஆம் ஆண்டு மணந்துகொண்டு 2006-ஆம் ஆண்டு பிரிந்தனர். லண்டன் உயர் நீதிமன்றம் 2008 மார்ச் மாதம் அவர்களது வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு முழுவதும் வெளியிடப்படுவதை ஹெதர் மில்ஸ் விரும்பவில்லை. ஆயினும் அது வெளியிடப்பட்டது.

அவர் கேட்ட தொகை ஏறத்தாழ 12.5 கோடி பவுண்டு. ஆண்டொன்றுக்குத் தமது தேவை 32.5 லட்சம் பவுண்டு என்று அவர் கணக்குக் காட்டியிருந்தார். அதில் விடுமுறைப் பயணங்களுக்கு 4,99,000 பவுண்டு. உடைகளுக்கு 1,25,000 பவுண்டு. திராட்சை மதுவுக்கு 39,000 பவுண்டு. குதிரையேற்றத்துக்கு 30,000 பவுண்டு. அவர் மது அருந்துவதில்லை என்பதையும், குதிரையேற்றத்தை நிறுத்திவிட்டார் என்பதையும் நீதிபதி தமது தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். முடிவில் அவரது ஆண்டுத் தேவை 6 லட்சம் பவுண்டு என மதிப்பிடப்பட்டு, மொத்தத்தில் 2 கோடியே 43 லட்சம் பவுண்டு வழங்கப்பட்டது.

இந்தச் செய்தியைப் படிப்பவர் சிரிக்கக்கூடும். அருந்தாத மதுவுக்குப் பணம் எதற்கு என்னும் கேள்வி எவருக்கும் எழுவதே. சற்று நின்று சிந்தித்தால், சிரிப்புக்குப் பின்னால் ஓர் உண்மை தெரியும். செல்வம் மிகுந்த இல்லத்தில் பொருள்கள் அனுபவிப்பதற்காக மட்டும் வைக்கப்படுவதில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன என்பதே அங்கு போதுமானதாகிவிடுகிறது. விருந்தினர் வருவர், அவர்களுக்கு மது வேண்டும். பெரிய பண்ணை வீட்டில் குதிரைகள் நிற்க வேண்டும். அனுபவிப்பவன் விலகிய பின்னும் அனுபவத்துக்கான ஏற்பாடு நிலைத்து நிற்கிறது. பற்று என்பது பொருளைச் சுவைப்பதில் மட்டும் இல்லை; சுவைக்காத பொருளையும் விட இயலாமையில் அது இன்னும் ஆழமாகக் குடியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு அதே லண்டன் நீதிமன்றத்தில் மற்றொரு வழக்கு முடிவுக்கு வந்தது. முன்னாள் மாடல் அழகி கிறிஸ்டினா எஸ்ட்ராடா, சவுதி அரேபியத் தொழிலதிபர் வாலித் ஜுஃபாலியிடமிருந்து 19.6 கோடி பவுண்டு கோரினார். ஆண்டுக்கு உடைகளுக்கு மட்டும் சுமார் 10 லட்சம் பவுண்டு என்று அவரது பட்டியல் கூறியது. விலங்கு ரோமத்தாலான மேலங்கிக்கு 40,000 பவுண்டு, உயர்ரகத் தையற்கூடங்களின் ஆடைகளுக்கு 1,09,000 பவுண்டு, காலணிகளுக்கு 21,000 பவுண்டு என்று அது விரிந்தது. இந்த வாழ்க்கையைத் தாம் வாழ்ந்தவர் என்றும், இதுவே தமக்குப் பழகிப்போனது என்றும் அவர் சாட்சியம் அளித்தார். நீதிமன்றம் அவருக்கு 5 கோடியே 30 லட்சம் பவுண்டு ரொக்கமாக வழங்கத் தீர்ப்பளித்தது.

இந்தப் பெண்மணியை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அவருடைய துயரமும் அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. மணவாழ்க்கை நீடித்துக்கொண்டிருந்தபோதே கணவர் 2012-ஆம் ஆண்டு வேறொரு பெண்ணை மணந்தார். 2014-ஆம் ஆண்டு மனைவிக்குத் தெரியாமலேயே சவுதி அரேபியாவில் விவாகரத்து செய்துவிட்டார். கைவிடப்பட்டவரின் வேதனைக்குப் படிவத்தில் இடம் இல்லை. மேலங்கிக்கும் காலணிக்கும் இடம் இருக்கிறது. எனவே வேதனையும் அந்தக் கட்டங்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மறுதரப்பில் ஜுஃபாலியோ புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். தீர்ப்பு வந்த இரு வாரங்களுக்குள், 2016 ஜூலை 20-ஆம் தேதி அவர் காலமானார். எவருடைய செல்வத்தைப் பங்கிட இத்தனை வாதங்கள் நடந்தனவோ, அவருக்கு அதில் ஒரு காசும் அதன்பின் பயன்படவில்லை.

சட்டம் ஏன் கேட்கிறது?

இத்தகைய பட்டியல்களைச் சட்டம் ஏன் அனுமதிக்கிறது என்னும் ஐயம் எழலாம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. இங்கிலாந்தின் 1973-ஆம் ஆண்டு மணவாழ்க்கை வழக்குகள் சட்டம், பங்கீட்டின்போது நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்றாக, பிரிவுக்கு முன் அந்தக் குடும்பம் வாழ்ந்த வாழ்க்கைத் தரத்தைக் குறிப்பிடுகிறது. நேற்றுவரை மாளிகையில் வைத்திருந்த மனைவியை இன்று வெறுங்கையுடன் தெருவில் நிறுத்தக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

2000-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை மற்றொரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. நெடுங்காலம் சேர்ந்து பால்பண்ணை நடத்திய ஒயிட் தம்பதியரின் வழக்கு அது. பொருள் ஈட்டியவருக்கும், இல்லம் பேணிக் குழந்தைகளை வளர்த்தவருக்கும் இடையே ஏற்றத்தாழ்வு பாராட்டக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அமெரிக்காவில் இதே நியாயத்தைக் கேட்டு நின்றவர் லோர்னா வெண்ட். ஜெனரல் எலக்ட்ரிக் குழுமத்தின் நிதி நிறுவனத் தலைவராக இருந்த கேரி வெண்ட்டின் மனைவி அவர். 1965-ஆம் ஆண்டு முதல் உடன் உழைத்த தமக்குச் சொத்தில் பாதி உரியது என்று வாதிட்டார். 1997-ஆம் ஆண்டு தீர்ப்பில் அவருக்குப் பாதி கிடைக்கவில்லை. ஆயினும் கணவர் முதலில் தர முன்வந்ததைவிடப் பெரும் தொகை கிடைத்தது. இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு என்ன என்னும் கேள்வி அந்த வழக்கால் நாடெங்கும் பேசப்பட்டது.

ஆகவே இரு வகைக் கோரிக்கைகளைப் பகுத்துணர்தல் வேண்டும். உழைப்புக்கும் தியாகத்துக்கும் உரிய பங்கைக் கேட்பது தர்மம். அதைக் குறைத்து மதிப்பிடுபவன் ஆன்மிகத்தின் பெயரால் அநீதி செய்தவனாவான். பழகிவிட்டது என்னும் ஒரே காரணத்தால் ஒன்றைத் தேவை என்று எழுதுவது வேறு. முன்னதில் கேட்பவர் தலைநிமிர்ந்து நிற்கிறார். பின்னதில் பழக்கம் கேட்கிறது, மனிதர் அதன் குரலாக நிற்கிறார்.

கணவரின் கணக்கு

பழக்கத்துக்கு ஆட்படுவதில் ஆண், பெண் என்னும் பேதம் இல்லை. ஜாக் வெல்ச் 1981-ஆம் ஆண்டு முதல் 2001-ஆம் ஆண்டு வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். நிர்வாகத் திறமைக்கு எடுத்துக்காட்டாக உலகம் கொண்டாடியவர். 2002-ஆம் ஆண்டு அவருடைய மனைவி ஜேன் விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்த ஆவணங்கள், ஓய்வு பெற்ற பின்னும் அவருக்கு நிறுவனம் அளித்துவந்த வசதிகளை வெளிப்படுத்தின. மன்ஹாட்டனில் நிறுவனத்துக்குச் சொந்தமான அடுக்குமாடி இல்லம், அதற்கான உணவு, மது, மலர்கள், சலவை, பணியாளர், நிறுவன விமானம், கார், விளையாட்டரங்குகளின் முன்வரிசை இருக்கைகள் எனப் பட்டியல் நீண்டது.

இவை அனைத்தும் 1996-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டவை. ஓய்வுக்குப் பின்னும், பணியில் இருந்தபோது கிடைத்தவற்றுக்கு ஒப்பான வசதிகள் வாழ்நாள் முழுவதும் தொடரும் என்று பங்குதாரர்களுக்குப் பொதுவான சில சொற்களில் தெரிவிக்கப்பட்டிருந்தது. அந்தச் சில சொற்களுக்குள் என்ன அடங்கியிருந்தது என்பது விவாகரத்து ஆவணம் வந்த பிறகே மக்களுக்குப் புரிந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விசாரணை நடத்தியது. ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் அவர் பெற்ற வசதிகளின் மதிப்பு ஏறத்தாழ 25 லட்சம் டாலர் என்றும், அதில் சொந்தப் பயணங்களுக்கு விமானத்தைப் பயன்படுத்தியது மட்டும் சுமார் 12 லட்சம் டாலர் என்றும், இல்லத்தின் வாடகை மதிப்பு மாதம் 50,000 டாலருக்குக் குறையாது என்றும் ஆணையம் 2004-ஆம் ஆண்டு பதிவு செய்தது. பங்குதாரர்களுக்குப் போதிய விவரம் அளிக்கவில்லை என்னும் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இதில் சாதகன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெல்ச் வறியவர் அல்லர். மலர்களையும் உணவையும் தம் கைப்பணத்தில் வாங்கிக்கொள்ள அவரால் முடியாததல்ல. செய்தி வெளியான சில நாட்களில், 2002 செப்டம்பரில், அவரே பெரும்பாலான வசதிகளைத் துறந்தார். விமானத்துக்கும் இல்லத்துக்கும் ஆண்டுக்கு 20 முதல் 25 லட்சம் டாலர் வரை தாமே செலுத்துவதாக அறிவித்தார். ஒப்பந்தத்தில் தவறு இல்லை என்பதே அவருடைய கருத்து. அது பார்ப்பவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்ததால் விட்டுக்கொடுத்ததாகக் கூறினார்.

பல ஆண்டுகள் விட இயலாதது போலிருந்த ஒன்றைச் சில நாட்களில் விட முடிந்தது என்றால், அது தேவையாக இருந்திருக்க முடியாது. வெளிச்சம் பட்டதும் அதன் உண்மை உருவம் தெரிந்துவிட்டது. பிறர் பார்க்கும்போது நாணம் தரும் செலவு, பார்க்காதபோதும் அதே தன்மையுடையதே.

பழக்கம் ஏறும் படிகள்

வசதி தேவையாவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் ஒரு பொருள் மகிழ்ச்சியாக வருகிறது. புதிய காரின் முதல் பயணம் குடும்பம் முழுவதையும் குதூகலத்தில் ஆழ்த்துகிறது. அடுத்த படியில் அது பழக்கமாகிறது. மகிழ்ச்சி குறைந்து, பொருள் மட்டும் நிற்கிறது. மூன்றாம் படியில் அது தேவையாகிறது. இருந்தால் இன்பம் இல்லை, இல்லாவிட்டால் துன்பம் உண்டு. நான்காம் படியில் அது உரிமையாகிறது. கிடைக்காவிடில் தனக்கு அநீதி இழைக்கப்பட்டதாக மனம் கொதிக்கிறது. இறுதிப் படியில் அதுவே 'நான்' ஆகிவிடுகிறது. இந்த இல்லம், இந்த உடை, இந்தப் பயணம் இவை இல்லையென்றால் நான் யார் என்னும் கலக்கம் தோன்றுகிறது.

விவாகரத்து ஆவணங்களில் காணப்படுவது பெரும்பாலும் இந்த இறுதிப் படியின் மொழியே. அங்கு பொருளுக்காக வாதிடுவது போலத் தோன்றினாலும், ஒருவர் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறார். ஆன்மாவை உடலோடும், உடலைப் பொருளோடும் பொருத்திக்கொண்ட அஞ்ஞானம் அங்கே எண்களாக எழுதப்பட்டுவிடுகிறது.

மற்றொரு பங்கீடு

கணவன், மனைவியர் பிரியும்போது சொத்தைப் பங்கிடும் காட்சி உபநிஷத்திலும் வருகிறது. பிருஹதாரண்யக உபநிஷத்து அதை இரு இடங்களில் கூறுகிறது. யாக்ஞவல்கியருக்கு மைத்ரேயி, காத்யாயனி என்று இரு மனைவியர். இல்லறத்தை விட்டு வெளியேற முடிவு செய்த அவர், எவரும் கேட்பதற்கு முன்பே, இருவருக்கும் உரியதைப் பிரித்துத் தர முன்வருகிறார். அப்போது மைத்ரேயி, செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் தனக்குக் கிடைத்தாலும் அதனால் மரணமற்ற நிலை கிட்டுமா என்று வினவுகிறாள். கிட்டாது என்கிறார் யாக்ஞவல்கியர். வசதி படைத்தோரின் வாழ்க்கை எவ்வாறோ அவ்வாறே அவள் வாழ்க்கையும் இருக்கும், அவ்வளவே என்கிறார். அப்படியெனில் அவர் அறிந்த அந்த மெய்ப்பொருளையே தனக்கு உபதேசிக்க வேண்டும் என்று அவள் வேண்டுகிறாள்.

இந்த வரலாற்றில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, துறவு பூணுபவரும் மனைவியரின் பங்கை மறுக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பின்னரே அவர் புறப்பட எண்ணுகிறார். இரண்டாவது, காத்யாயனியை உபநிஷத்து பழிக்கவில்லை. இல்லறத்துக்குரிய அறிவு உடையவள் என்றே அவளைக் குறிப்பிடுகிறது. பங்கைப் பெறுவது குற்றமன்று. மூன்றாவது, மைத்ரேயி எழுப்பிய கேள்வி. எவ்வளவு கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை. கிடைப்பதால் என்ன ஆகும் என்று கேட்டாள். நீதிமன்றப் படிவம் எதிலும் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இல்லை. அதை மனிதன் தானாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாரத நாட்டு இல்லங்களில்

இவை மேலைநாட்டுச் செல்வர்களின் கதைகள் என்று ஒதுக்கிவிட இயலாது. நமது உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கோரும் வழக்குகள் அனைத்திலும் இரு தரப்பாரும் தங்கள் வருமானம், செலவு, சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பில், பிரிந்த பின் கணவர் அடைந்த செல்வ நிலைக்குத் தன்னைச் சமமாக்கும்படி மனைவி கோர முடியாது என்று விளக்கியது. அதே சமயம் மணவாழ்க்கையின் தரத்தையும் கருதி, அந்த வழக்கில் மனைவிக்கு 12 கோடி ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. நியாயமான பங்குக்கும் முடிவில்லாத ஒப்பீட்டுக்கும் இடையே நீதிபதிகள் ஒரு கோடு போட முயல்கின்றனர்.

அந்தக் கோட்டை நடுத்தரக் குடும்பமும் தன் அளவில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருமணத்துக்கு வாங்கிய கடன், தவணையில் வந்த கைப்பேசி, அயல்வீட்டார் சென்றார்கள் என்பதற்காகச் சென்ற உல்லாசப் பயணம் ஆகியவற்றிலும் அதே படிகள்தாம் உள்ளன. தொகை மட்டுமே வேறு. பல இல்லங்களில் சச்சரவு தொடங்குவதும் இங்கேதான். ஒருவருடைய பழக்கம் மற்றவருக்கு ஆடம்பரமாகத் தோன்றுகிறது. கணக்கு மறைக்கப்படுகிறது; மறைத்தது தெரியவரும்போது, போன பணத்தைவிடப் போன நம்பிக்கை பெரிதாகிறது.

செல்வர்களின் பட்டியலைப் படிக்கும் மனத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதை ஏக்கத்தோடு படிப்பவனும், ஏளனத்தோடு படிப்பவனும் ஒரே பொருளைத்தான் உற்று நோக்குகின்றனர். பிறர் கணக்கில் மூழ்கியிருக்கும் வரை தன் கணக்கு திறக்கப்படுவதில்லை.

பயிற்சி

சாஸ்திரங்கள் அபரிக்கிரகம் என்று கூறும் ஒழுக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை என்பதாகும். இல்லறத்தார் அதைப் பழகுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. மாதம் ஒரு முறை, கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து, வீட்டுச் செலவுகளை மூன்று பத்திகளாக எழுதலாம். முதல் பத்தியில், இல்லாவிட்டால் உடலும் கடமையும் நிலைகுலையும் என்பவை. இரண்டாம் பத்தியில், உண்மையான மகிழ்ச்சி தருபவை. மூன்றாம் பத்தியில், பழகிவிட்டதால் மட்டும் தொடர்பவை. மூன்றாம் பத்தியிலிருந்து ஏதேனும் ஒன்றை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். மனம் சில நாட்கள் முணுமுணுக்கும். பின்னர் அது மறந்துவிட்டால் அந்தப் பொருளின் உண்மை நிலை தெரிந்துவிடும். மறக்க மறுத்தால், பற்று எங்கே வேரூன்றியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இரண்டுமே லாபம். மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை ஏழை மாணவனின் கல்விக்கோ, நோயாளியின் மருந்துக்கோ அளித்தால் பயிற்சி சேவையாகவும் மலரும்.

இந்தப் பயிற்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒருவர் மற்றவருடைய பத்தியை எழுதக் கூடாது. அவரவர் பழக்கத்தை அவரவரே அடையாளம் காண வேண்டும்.

சிந்தனைக்கு

1. பத்து ஆண்டுகளுக்கு முன் வீட்டில் இல்லாத எந்தப் பொருள் இன்று 'இன்றியமையாதது' என்று கருதப்படுகிறது? அது எந்தப் படியில் நிற்கிறது?

2. இல்லத்தில் ஊதியமின்றி உழைப்பவரின் பங்கு குடும்பக் கணக்கில் மதிக்கப்படுகிறதா? கேட்கும் முன்பே கொடுக்கப்படுகிறதா?

3. வீட்டின் செலவுகளில், குடும்பத்தார் அனைவருக்கும் எதிரில் படித்துக்காட்டத் தயங்கும் வரி ஏதேனும் உண்டா?

4. விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டதாகக் கொண்டு, மைத்ரேயியின் கேள்வியைத் தனிமையில் கேட்டுப் பார்க்கும்போது மனம் என்ன விடை தருகிறது?